சோறு குழைந்துபோன அன்று

போன மாதம் இல்லத்துக்கு வந்திருந்தேன். வேலையை விட்ட பிறகும், என் தோட்டத்தில் மேரக்காய், அதாவது சௌசௌ, காய்க்கிற காலத்தில் ஒரு மூட்டை கொண்டுவந்து போடுவது என் வழக்கம். சமையல்கட்டுக்குப் பின்பக்கம் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"ஓசிச் சோத்துக்கு இந்தப் பெரியவருக்கு எத்தன நொட்டைன்னு பாரு. ரசத்துல புளி தூக்கலா இருக்காம்."

யார் என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் மனதில் நின்றுவிடும், அப்புறம் இதை எழுதும்போது அவரைத் திட்டி எழுதுவேன். இப்போது பொறுப்பில் இருக்கிற சிஸ்டர், புது ஆட்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் மாஸ்டர் என்று அதற்கு முன்பே கேட்டிருந்தார். அந்தப் புளியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாலாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குன்னூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் டம்ளர் கழுவினேன். அங்கேயே பரோட்டா மாஸ்டர் ஆனேன். பிறகு எஸ்டேட் பங்களாவில் சமைத்தேன், கல்யாணச் சமையல் எடுத்தேன், கடைசியாகக் கோத்தகிரிக்குக் கீழே இருக்கிற இந்த முதியோர் இல்லத்தில் சமையல்காரனாக வந்து சேர்ந்தேன். வேலையை விடும்போது மொத்த இல்லத்தையும் நடத்துகிற ஆளாக இருந்தேன். கேட்டரிங் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு நான் வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மழையில் விறகு நனைந்த நாளில்கூட என் சாப்பாட்டு மணி தள்ளிப் போனதில்லை. சோற்றின் பதம் பார்க்க நான் மூடியைத் திறந்ததே கிடையாது. ஆவி வாசனையிலேயே சொல்லிவிடுவேன். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமையான சங்கதியை வேறு எப்படிச் சொல்வது.

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இல்லத்துக்கு நெற்றியில் திருநீறோடுதான் வேலை கேட்டு வந்தேன். அப்போது பொறுப்பில் இருந்தவரைப் பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுவோம். தெற்கே தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். உயரம் குறைவு, குரல் பெரிது. என்ன சமைக்கத் தெரியும், எங்கே வேலை பார்த்தாய் என்று எதையும் கேட்கவில்லை. "சாப்பாட்டு நேரமாச்சு, உக்காருங்க" என்று அங்கிருந்த வயதானவர்களோடு பந்தியில் உட்கார வைத்துவிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும் கேட்டார்.

"சோறு எப்படி இருந்துச்சு?"

"வேகலீங்க."

"வெட்கப்படாமச் சொல்றீங்களே."

"வேகாத சோத்த வெந்துதுன்னு சொன்னா நான் என்னங்க சமையக்காரன்?"

சிரித்துவிட்டு, நாளைக்கு வந்துவிடுங்கள் என்றார். குறை சொன்னதற்காக எனக்கு வேலை கொடுத்த முதலாளி அவர் ஒருவர்தான்.

அவரிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. இங்கே இருக்கிறவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரே பானையில்தான் சோறு. யாராவது புண்ணியவான் ஒரு வேளைச் சாப்பாடு போட வந்தால், சாப்பிடுகிறவர்களை எழுந்து நின்று நன்றி சொல்லச் சொல்லக் கூடாது. பரிமாறுகிற மாதிரி போட்டோ எடுக்கக் கூடாது. வேண்டுமானால் வந்தவர்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். இதெல்லாம் எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஒன்றுதான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இங்கே தங்கியிருக்கிற யாரிடமும் வேலை வாங்கக் கூடாது, பூண்டு உரிக்கக்கூட விடக் கூடாது என்றார். உடம்பில் தெம்பு இருக்கிறவர் ஒரு கை கொடுத்தால் என்ன. நான் டம்ளர் கழுவிச் சோறு தின்றவன். வேலை செய்யாமல் ஒரு பருக்கை தின்றதில்லை. அப்படிப்பட்ட எனக்கு அந்தச் சட்டம் சோம்பேறி மடத்துச் சட்டமாகத்தான் தெரிந்தது.

இப்படியிருக்கும்போதுதான் ராமாயி வந்தார்.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். ராமாயி கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் தனியாக இருந்தவர். இளவயதில் இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், கப்பலேறி இங்கே வந்து, இங்கேயும் கொழுந்து பறித்தே காலத்தை ஓட்டியிருந்தார். புருஷன் செத்துப்போனான். திருப்பூர் போன மகனைப் பற்றித் தகவல் இல்லை. வேலையை விட்டபின் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து எங்களிடம் விட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு. கொழுந்து பறிக்கப் போகிற அதே கோலம்.

"தம்பி, இன்னைக்கு என்ன வேல?"

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங் ஆத்தா. போயி உக்காருங்க, டீ வரும்."

"வேல இல்லாதவளுக்கு எதுக்கு டீ?"

நக்கல் என்று நினைத்தேன். மத்தியானம் பந்தியில் பார்த்தபோதுதான் அது நக்கல் இல்லை என்று தெரிந்தது. தட்டில் போட்ட சோற்றின் நடுவே விரலால் கோடு கிழித்து, பாதியை அப்படியே பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிட்டார். ஏன் ஆத்தா என்றேன். சாதாரணமாகச் சொன்னார்.

"எங்க தோட்டத்துல கொழுந்து கொறஞ்சா கணக்கப்பிள்ள அரைப்பேர்தான் போடுவாரு. அரைநாள் சம்பளம். அரைப்பேர் வாங்குன அன்னைக்கு எங்க மாமியா அரைச்சோறுதான் வைக்கும். ஒண்ணுமே எடுக்காட்டி ஒண்ணுமே இல்ல. அந்தம்மா போயிச் சேந்தும் நான் மாத்தல. எம்புள்ளைக்கும் அப்படித்தான் வச்சேன்."

"இங்க ஏது ஆத்தா மாமியா?"

"எனக்குத் தெரியும்ல, நான் என்ன செஞ்சேன்னு. இன்னைக்கு வேல கேட்டு வந்து நின்னேன், அதுக்குப் பாதி."

சில நாளில் அந்தப் பாதியும் கால் ஆனது. வேலை கேட்டு நிற்பதே வேலையாகுமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. எனக்கு அந்தக் கிழவியை மிகவும் பிடித்துப் போயிற்று. என் சாதி ஆள் என்று நினைத்தேன். பிறந்த சாதியைச் சொல்லவில்லை, புத்தியைச் சொல்கிறேன். பெரிய சிஸ்டரிடம் போனேன்.

"ஏனுங்க சிஸ்டர், ஒரு மொறம் அவரைக்காயக் குடுத்தா என்னங்க? அது பாட்டுக்கு உரிச்சுப்போட்டு நிம்மதியாத் திங்கும்."

 சிஸ்டர் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"உங்க பொண்ணு யார் ஜாடை, மாஸ்டர்?"

"எல்லாரும் என்னையாட்ட இருக்கறான்னுதானுங்க சொல்றாங்க."

"அந்த ஜாடைக்கு அவ என்ன வேலை செஞ்சா?"

"என்னங்க வேலை? பொறந்தா, கூடவே வந்துருச்சு."

"நாளைக்கு அவ கை கால் வராம படுத்துட்டா அந்த ஜாடை போயிருமா?"

"சாடை எங்கீங்க போகும்?"

"அவ்வளவுதான். மனுஷன் கடவுளோட ஜாடைன்னு நாங்க நம்புறோம். இங்க அந்த ஜாடைக்குத்தான் சோறு, வேலைக்கு இல்ல."

"சாடைக்குச் சோறு போட்டா ஊரே சாடையோட வந்து உக்காந்துருமுங்க."

"வரட்டும். அதுக்குத்தானே உங்கள வேலைக்கு வச்சிருக்கேன்."

எனக்கு அது ஏறவில்லை. மறுபடியும் நச்சரித்தேன். கடைசியில், "சரி, உங்க வழியிலயே பாருங்க. ஆனா அவங்களுக்குக் கை வராம போற நாளைக்கு என்ன செய்யப் போறீங்கன்னு இப்பவே யோசிச்சு வைங்க" என்று விட்டுவிட்டார்.

அவரைக்காய் கொடுத்தேன். ராமாயி உரித்தார். முழுத் தட்டுச் சோறு தின்றார். என் வழிதான் ஜெயித்தது என்று நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

ராமாயியின் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா. பேச்சு கிடையாது, நினைவும் சரியாகக் கிடையாது, ஊட்டினால் விழுங்குவார். ஒரு நாள் சிஸ்டர் அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து ராமாயி சத்தமாகவே சொன்னார்.

"இந்தக் கட்டைக்கு எதுக்கு முழுச்சோறு? ஒரு கொழுந்து கிள்ள ஏலாது."

நான் சிரித்தேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "இன்னைக்கு அவங்களச் சொல்றாங்க. ஒருநாள் தன்னையே சொல்லிக்குவாங்க, மாஸ்டர்."

அந்த நாள் மார்கழிக் குளிரில் வந்தது. முறத்தில் காயை அள்ளும்போது ராமாயியின் வலது கை தோளிலிருந்து அப்படியே தொங்கிவிட்டது. வாய் கோணவில்லை, பேச்சு தெளிவாக இருந்தது, கைதான் போயிற்று. கோத்தகிரியிலிருந்து வந்து பார்த்த டாக்டர், இந்த வயதில் இனி வருவது கஷ்டம், உயிருக்கு ஒன்றுமில்லை, நல்ல ஆகாரம் கொடுங்கள் என்றார்.

அன்று மத்தியானம் ராமாயி தட்டைத் தொடவில்லை. ராத்திரியும் இல்லை. மறுநாளும் இல்லை. வெறும் டீயை இரண்டு வாய் குடிப்பார், அதையும் யாரும் பார்க்காதபோதுதான் குடிப்பார்.

என் கைவரிசையெல்லாம் காட்டினேன். இலங்கைத் தோட்டத்தில் சாப்பிடுகிற மாதிரி தேங்காய் ரொட்டி தட்டி, தொட்டுக்கொள்ளக் காரமாகச் சம்பல் அரைத்துக் கொண்டுபோய் வைத்தேன். வாசனையை மட்டும் பிடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இத்தன நாளும் உரிச்சீங்கல்ல ஆத்தா, அதுக்குத்தான் இந்தச் சோறு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அன்னைக்கு வேலைக்கு அன்னைக்கே தின்னுட்டேன் தம்பி. என்னைய ஏமாத்தாத."

இடது கையால் ஏதாவது வேலை கொடுக்கலாம் என்று ஒரு கிண்ணம் பட்டாணியை வைத்தேன். ஒன்றே ஒன்றை உரிக்கப் பார்த்தார். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. ஒரு பட்டாணிக்கு எத்தனை பருக்கை என்று என்னையே கேட்டார். டாக்டர் மறுபடி வந்து பார்த்து முகத்தைச் சுருக்கினார். இந்தக் குளிரில் வயிறு இப்படிக் காய்ந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது என்றார். மூக்கில் குழாய் போட்டு ஊற்றலாம் என்றார். சிஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

மறுநாள் காலையில் சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ராமாயியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஏதோ பேசப் போகிறார் என்று நினைத்தேன். பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலைச் சரிவில் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து கொடுக்கிற நேரம் வந்தது, எழவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. நான் போய், "சிஸ்டர், பால்காரர் வந்திருக்காருங்க" என்றேன்.

"நீங்க பாருங்க."

"காய் வண்டி?"

"அதையும் பாருங்க. நான் இன்னைக்கு ஒண்ணும் செய்யப் போறதில்ல."

கையில் ஜெபமாலைகூட இல்லை. பிறகு ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டதற்கு, ஜெபமும் ஒரு வேலை என்று ராமாயி கணக்குப் போட்டுவிடுவார் என்றார். நடுவில் தூங்கிக்கூட விழுந்தார். விடிகாலையிலிருந்து ஓடுகிற மனுஷி, தலை சாய்ந்து வாய் திறந்து தூங்குவதை அன்றுதான் பார்த்தோம். மத்தியானம் தட்டு வந்தது. சிஸ்டர் நிறையப் போடச் சொன்னார். ராமாயி பார்க்கப் பார்க்க முழுத் தட்டையும் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் மாஸ்டர்" என்றார்.

ராமாயிக்குப் பொறுக்கவில்லை. "காலையிலருந்து ஒரு துரும்பத் தூக்கிப் போடல. இம்புட்டுச் சோறு எறங்குதா?"

"நல்லா எறங்குது."

"வெக்கமா இல்லையா சிஸ்டரம்மா?"

"மொதல் வாய்க்கு இருந்துச்சு. அப்புறம் இல்ல."

"எனக்குத் தெரியும். என்னையத் திங்க வைக்கத்தான் நீங்க இப்படிக் குந்தியிருக்கீங்க. அதும் ஒரு வேலதான்."

"நீங்க தின்னாலும் தின்னாட்டியும் நான் குந்தியிருப்பேன். எனக்குச் சும்மா இருக்க ரொம்ப நாளா ஆசை."

அன்று ராமாயி தின்னவில்லை. இல்லத்தை நான்தான் நடத்தினேன். ஒருவரும் ஒரு வேளை மருந்து தப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள்தான் நெருக்கடி. கோயமுத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக முன்னமே சொல்லியிருந்தார்கள். அப்பாவின் நினைவு நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு, கூடவே இல்லத்துக்கு வெயிலில் வெந்நீர் போடுகிற மெஷின் வாங்கித் தருவதாகப் பேச்சு. நீலகிரிக் குளிரில் வயதானவர்களைப் பச்சைத் தண்ணீரில் துடைத்துவிட்டவர்களுக்குத்தான் அந்த மெஷினின் அருமை தெரியும். அவர்கள் வந்து இறங்கும்போது சிஸ்டர் அதே நாற்காலியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய்ச் சொன்னேன். "நல்லபடியாக் கவனிச்சுக்குங்க மாஸ்டர்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, தலைமேல் இருக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் கீழே இருக்கிறவனுக்கு இரண்டு வழி உண்டு. அவர் இப்படி, நான் என்ன செய்ய என்று வந்தவர்களிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அல்லது அவர் இருந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்யலாம். கோயமுத்தூர்க் குடும்பத்து அம்மா பெரியவர்களை ஹாலில் வரிசையாக நிற்க வைக்கச் சொன்னார். தான் பரிமாறுவதைப் போட்டோ எடுக்க ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தார்.

"அம்மிணி, தட்டுக்கு முன்னால போட்டோ வேண்டாமுங்க. நீங்களும் உக்காருங்க, எல்லாருமாச் சாப்பிடறப்ப எடுத்துக்கலாமுங்க."

"நாங்க போடற சாப்பாடுதானுங்களே?"

"நீங்க போடறதுதானுங்க. திங்கறது அவுங்கதானுங்களே."

முகம் மாறியது. ஆனாலும் உட்கார வைத்துவிட்டேன். ஒரு கையில் சாம்பார் வாளி, இன்னொரு பக்கம் அந்தம்மாவுக்குச் சமாதானம், நடுவில் போட்டோக்காரனை விரட்டுவது என்று நான் சுற்றியதில், இரண்டாம் பந்திக்கு அடுப்பில் இருந்த சோற்றை நேரத்துக்கு வடிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அந்தம்மா சிஸ்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வார்டுக்குள் வந்துவிட்டார். சிஸ்டர் எழவில்லை. சிரித்து, "வாங்க, உக்காருங்க" என்று கட்டில் ஓரத்தைக் காட்டினார்.

"உடம்பு முடியலீங்களா சிஸ்டர்?"

"நல்லா இருக்கேன்."

"பின்ன என்னங்க?"

"சும்மா இருக்கேன்."

ராமாயிக்கு உதறல் எடுத்துவிட்டது. அவர் கண்ணுக்கு அந்தம்மா தோட்டத்துத் துரைசாணி. துரைசாணி நிற்கும்போது கங்காணி உட்கார்ந்திருந்தால் வேலை போய்விடும். நல்ல கையை ஊன்றி, தான் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியாமல் சரிந்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டரம்மா, எந்திரிங்க. தொரசாணி நிக்கிறாக."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெந்நீர் மெஷின் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது. "ஆத்தா, நீங்க ஒரு வாய் தின்னா இவுங்க எந்திரிச்சுருவாங்க. தின்னு தொலைங்க" என்றேன்.

ராமாயியின் கண், ஸ்டூலில் தொடாமல் வைத்திருந்த தன் தட்டுப் பக்கம் போனதை நான் பார்த்தேன். அப்போதே தின்றிருப்பார். சிஸ்டர் குறுக்கே விழுந்தார்.

"இல்லம்மா. நீங்க சாப்பிட்டாலும் நான் இன்னைக்கு எந்திரிக்க மாட்டேன். எனக்காகச் சாப்பிட வேண்டாம்."

வந்த அம்மா திரும்பி வெளியே போனார். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வார்டில் நாங்கள் மூன்று பேர், பேசாத அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவோடு சேர்த்து நாலு பேர். அந்த நேரத்தில் எனக்கு சிஸ்டர் மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை. கனிந்து கைக்கு வந்ததை அவரே தட்டிவிட்டாரே என்று இருந்தது. கொஞ்ச நேரம் நின்றபிறகுதான் எனக்கே பிடிபட்டது. சிஸ்டரை எழுப்புவதற்காக ராமாயி தின்றால் அதுவும் ஒரு நாள் வேலைதான். அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ராமாயி சிஸ்டரைப் பார்த்துச் சொன்னார். "உங்க பேர வெட்டிப் போடுவாக."

"வெட்டட்டும். மாஸ்டர் சோறு போடுவாரு."

ராமாயி என் பக்கம் திரும்பினார். அவருக்கு என்னைத் தெரியும். முறத்தில் காயைக் கொட்டிவிட்டு நான் அடித்த பேச்செல்லாம் கேட்டவர். உழைக்காதவன் தட்டைத் தொடக் கூடாது என்று அவரிடமே எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

"போடுவியா தம்பி? வேல செய்யாட்டியும்?"

"போடுவேன் ஆத்தா."

"அவுங்களுக்குப் போடுவ, பெரியவுக. ஒனக்குக் கை விழுந்தா?"

 சிஸ்டர் எனக்கு உதவிக்கு வரவில்லை. மறுபடியும் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பொய் சொன்னால் ராமாயி கண்டுபிடித்துவிடுவார். என் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். அந்தக் கை இல்லாமல் ஒரு தட்டின் முன்னால் நான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. ஆனாலும் யாராவது எனக்கு ஒரு தட்டு வைக்காமல் போனால் அது இன்னும் பிடிக்காது என்று தெரிந்தது.

"எனக்கும் போடுவாங்க ஆத்தா. போட்டா நானும் திம்பேன்."

"வெக்கப்படாம?"

"வெக்கப்பட்டுட்டே திம்பேன்."

ராமாயி தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "பீச்சாங்கையால சோத்தத் தொட ஏலாது. கரண்டி குடு" என்றார்.

இரண்டாம் பந்திச் சோற்றைச் சூடாகப் போட்டு, அவருக்கும் சிஸ்டருக்கும் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். இடது கையில் கரண்டி பிடிக்கத் தெரியவில்லை, பாதி மடியில் விழுந்தது. ஊட்டட்டுமா என்று நாங்கள் கேட்கவில்லை. நடுவில் கோடு கிழிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கிழிக்கவில்லை. நாலாவது வாயோ ஐந்தாவது வாயோ, மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, சோறு கொழைஞ்சு போச்சு."

 இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னது கிடையாது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். கூழாகத்தான் இருந்தது. சிஸ்டர் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஆமா மாஸ்டர், கொழைஞ்சுதான் இருக்கு" என்றார்.

ஓசியில் தின்கிறோம் என்று நினைக்கிறவர் குறை சொல்ல மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு, எது வந்தாலும் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்பார். எங்கள் இல்லத்தில் புதிதாக வருகிற எல்லோரும் முதல் சில வாரம் என் சமையலைப் புகழ்வார்கள். அதை என் கைமணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் கைமணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புகழ்ச்சியில் பயமும் கலந்திருந்தது. பயம் விட்டுப்போனவர்தான் சோறு குழைந்துவிட்டது என்று சொல்வார். இது தன் தட்டு என்று எண்ணுகிறவர்தான் அதில் இருப்பதைப் பற்றிப் பேசுவார். ஜாடைக்குச் சோறு என்று சிஸ்டர் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

வெந்நீர் மெஷின் வரவில்லை. சிஸ்டர் அடுத்த நாள் எழுந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்ததும் போன் செய்து பேசினார், அவர்கள் மரியாதையாகப் பேசி வைத்துவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க விறகு அடுப்பில்தான் வெந்நீர். நான்தான் விறகு பிளந்தேன். அது நஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சிஸ்டர் செய்ததை நீங்களும் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. அவர் கண்ட வழி அது, அந்த ஆளுக்கு அந்த நாளில் சரியாக இருந்தது. உங்களுக்கு வருகிற ஆள் வேறாக இருப்பார்.

ராமாயி அதற்கப்புறம் சில வருஷம் இருந்தார். வேலை கேட்டு வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒவ்வொரு வேளையும் தீர்ப்பு வாசிப்பார். சம்பலில் காரம் போதாது. டீ கழுவின தண்ணி. ரொட்டி தேய்ந்த செருப்பு. நான் ஒவ்வொன்றுக்கும் வாயாடுவேன். ஒரு நாள் பந்தி முடிகிற நேரத்தில் வார்டிலிருந்து அவர் போட்ட சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

"ஏய் மாஸ்டரு, இந்தக் கட்டில்ல கெடக்கிறவளுக்கு ரசம் ஊத்தல. அவளுக்கு என்ன, வாய் இல்லையா?"

ஓடிப் போய் ஊற்றினேன்.

புது ஆட்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்தப் பெரியவரை ஓசிச் சோறு என்று சொன்னவர் யார் என்று நான் இனியும் கேட்கப் போவதில்லை. அடுத்த முறை ஒருவர் தட்டைத் தள்ளினால் முகத்தைச் சுளிக்காமல், முதலில் ஒரு கரண்டி எடுத்து வாயில் ஊற்றிப் பாருங்கள். நான் அன்று மூட்டையை இறக்கிவிட்டு, உங்களுக்குத் தெரியாமல் அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் ரசம் குடித்துப் பார்த்தேன். புளி தூக்கலாகத்தான் இருந்தது.